ஏழிசை மன்னர் எம். கே. தியாகராஜ பாகவதர் வரலாறு

உலகத்தில் புகழ் என்பது இருவகைத்து. ஒருவன் உயர்ந்திருக்குங்கால் அவனோடு கூடவே நடந்து, அவன் தாழுங்கால் அவனைக் கைவிட்டு அகல்வது ஒருவகை. அவன் மறைந்த பின்னரும் அவன் ஆற்றிய தொழிலைப் பற்றிக்கொண்டு நிலைபெறுவது மற்றொருவகை. இவ்விரண்டையும் முழு அளவில் ஒருவரே கண்டு சென்றார் என்பது அரிது. அங்ஙனம் கண்டவர், தமிழ்ப் பேசும் படத்தின் இளமைக்காலத்தில் முடிசூடா மன்னராய் விளங்கிய எம். கே. தியாகராஜ பாகவதர் ஆவர்.

நம் சங்கத்து மாத வெளியீட்டில் ஒரு சினிமா நடிகரின் வரலாற்றுக்கு இடமளித்தல் வேண்டுமோ என்று முதியோர் சிலர் வினவக்கூடும். வினா தகுதியுடையதே. ஆயினும், நம் இல்லங்களில் பாட்டனும் மகனும் பேரனும் ஒருங்கே அறிந்த பெயர்கள் எத்தனை என்று எண்ணிப் பார்ப்போமாக. பெரும்பதவி வகித்தோர் பலரின் பெயர்கள் ஒரு தலைமுறைக்குள்ளேயே மங்கிவிடுகின்றன. பாகவதர் மறைந்து 65 ஆண்டுகளுக்கு மேலாகியும், இன்றைய இளைஞர் கையிலுள்ள கைப்பேசியிலும் அவர் குரல் ஒலிக்கின்றது. பழைய பக்திப் படங்களும் அவற்றில் நடித்தோரும் இத்துணைக் காலம் மக்கள் நெஞ்சில் நிற்பதன் காரணம் யாது? இதனைத் தனியே ஆராய்வதினும், ஒருவர் வாழ்க்கையின் வழியே நின்று காண்பது எளிது எனக் கருதி இதனை எழுதத் துணிந்தோம்.

பிறப்பும் இளமையும்

பாகவதர் 1910-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 1-ஆம் நாள் மாயவரத்திலே பிறந்தார். தந்தையார் கிருஷ்ணமூர்த்தி ஆச்சாரியார்; பொன் வேலை செய்யும் மரபினர். மாயவரமோ கோபாலகிருஷ்ண பாரதியாரும் வேதநாயகம் பிள்ளையும் வாழ்ந்து பாடிய ஊர். அவ்வூரிற் பிறந்த பிள்ளைக்கு இசையில் நாட்டம் உண்டானது வியப்பன்று. குடும்பம் பின்னர்த் திருச்சிராப்பள்ளிக்குக் குடிபெயர்ந்தது.

பிள்ளை பள்ளியிற் படித்து முன்னேறல் வேண்டும், இன்றேல் குலத்தொழிலையேனும் கற்றுக் கொள்ளல் வேண்டும் என்பது தந்தையார் விருப்பம். பிள்ளையின் உள்ளமோ பஜனை மடங்களையும் பாட்டுக் கச்சேரிகளையும் நாடிற்று. ஒருகால் தந்தையாரின் கண்டிப்புக்கு அஞ்சி வீட்டைவிட்டு வெளியேறிய சிறுவனைத் தேடிச் சென்றவர், தெலுங்கு நாட்டுக் கடப்பையிலே மக்கள் கூட்டத்தின் நடுவே அவன் பாடிக்கொண்டிருப்பதைக் கண்டார் என்று அவர் வரலாறு கூறுவோர் உரைப்பர். அதன் பின்னர்த் தந்தையார் மகனின் விருப்பத்துக்குத் தடையாக நிற்கவில்லை. தம் தொழிலை மகன் ஏற்காதது அவருக்கு வருத்தமாகவே இருந்திருக்கும். ஆயினும் பிள்ளையின் இயல்பை அறிந்து விட்டுக் கொடுத்தார். பெற்றோர் சிந்திக்கத்தக்க செய்தி இது.

கலைப் பயிற்சி

அந்நாளில் திருச்சியிலே இரயில்வே அலுவலராயிருந்த எப். ஜி. நடேச ஐயர் என்பார் ரசிக ரஞ்சன சபையை நிறுவி நாடகக்கலையை வளர்த்து வந்தார். சிறுவன் தியாகராஜனின் குரலைக் கேட்ட அவர், அரிச்சந்திர நாடகத்தில் லோகிதாசன் வேடத்தை அவனுக்குத் தந்தார். அப்பொழுது வயது ஏறத்தாழ 10. பாம்பு தீண்டி இறக்கும் அரசிளங்குமரனாக நின்று சிறுவன் பாடியது அவையோர் உள்ளத்தை உருக்கியது.

முதல் முயற்சியிலேயே கைதட்டல் பெற்ற பிள்ளைகள் பலர் அதனோடு கல்வியை நிறுத்திவிடுவர். தியாகராஜர் அங்ஙனம் செய்யவில்லை. பிடில் வித்துவான் பொன்னு ஐயங்காரிடம் முறையாக இசை பயின்றார். நடராஜ வாத்தியார் என்பாரிடம் நாடகப் பயிற்சி பெற்றார். ஆலத்தூர் வேங்கடேச ஐயரிடமும் பாடங் கேட்டார். பின்னர் அரங்கேற்றம் நிகழ்ந்தபோது, கஞ்சிரா, மிருதங்கம் என்னும் இரண்டிலும் ஒப்புயர்வற்று விளங்கிய புதுக்கோட்டைத் தட்சிணாமூர்த்திப் பிள்ளை அவர்கள், அவ்விளைஞரைப் பாகவதர் என்று அவையறிய அழைத்தார். அப்பெயரே இறுதிவரை நிலைத்தது. பட்டங்கள் மலிந்துவிட்ட இந்நாளில், ஒரு பட்டம் யாரால் எதன்பொருட்டு அளிக்கப்பட்டது என்பதை நோக்குதல் நன்று. இது வித்துவான் ஒருவர் வித்தையை அளந்து பார்த்துத் தந்த பட்டம்.

நாடக மேடையில் ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவன் காதிலும் சொல் தெளிவாக விழுதல் வேண்டும். ஆகவே நடிகர் உச்ச சுருதியில் பாடக் கடமைப்பட்டவர். இரவெல்லாம் அவ்வாறு பாடி மறுநாள் இரவும் பாடுதற்குரிய உரம் தொண்டைக்கு வேண்டும். பாகவதரின் குரலிலே காணப்படும் அந்த எட்டும் தன்மையும் எழுத்துப் பிழையாத சொல் தெளிவும் மேடை தந்த செல்வங்கள்.

பேசும் படம்

தமிழில் முதற் பேசும் படமாகிய காளிதாஸ் 1931-இல் வெளிவந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1934-இல் பவளக்கொடி வெளிவந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் இயற்றிய அந்நாடகத்திலே பாகவதர் அருச்சுனனாகவும் எஸ். டி. சுப்புலட்சுமி பவளக்கொடியாகவும் மேடையில் நடித்துப் பெயர்பெற்றிருந்தனர். அவ்விருவரையுமே கொண்டு கே. சுப்பிரமணியம் அதனைப் படமாக்கினார். அவர் இயக்கிய முதற் படமும் அதுவே. பாட்டுகள் ஏறத்தாழ 50.

இக்காலத்து இளைஞர் ஒன்றை அறிதல் வேண்டும். இப்பொழுது பாடுவோர் வேறு, திரையில் வாயசைப்போர் வேறு. அக்காலத்தில் நடித்துக்கொண்டே பாடுதல் வேண்டும். பாட்டும் படமும் ஒரே நேரத்திற் பதிவாகும். பக்கவாத்தியக்காரர் படக்கருவியின் கண்ணுக்குத் தென்படாத இடத்தில் ஒதுங்கி நின்று வாசிப்பர். பாட்டின் நடுவே சுருதி பிசகினாலும் காகம் கரைந்தாலும் மீண்டும் முதலிலிருந்து தொடங்குதல் வேண்டும். ஆகலின் இசை வல்லவரே கதாநாயகர் ஆகும் நிலை அன்று இருந்தது. முகம் அழகாயிருத்தல் இரண்டாவது தகுதி. பாகவதரிடம் இரண்டும் இருந்தன.

1937-இல் வெளிவந்த சிந்தாமணி அவரைப் புகழின் உச்சியில் ஏற்றியது. ஒய். வி. ராவ் இயக்கிய அப்படம் ஓராண்டுக்கு மேல் ஓடியது. அதில் வந்த ஊதியத்தைக் கொண்டு மதுரையில் ஒரு படக்கொட்டகையே கட்டப்பெற்று, அதற்குச் சிந்தாமணி என்னும் பெயரும் இடப்பட்டது. அதே ஆண்டில், தமிழ் அறியாத அமெரிக்கராகிய எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில், கம்பர் மகனின் காதற் கதையாகிய அம்பிகாபதி வெளிவந்தது. அதற்கு வசனம் எழுதியவர் இளங்கோவன். பின்னர்த் திருநீலகண்டர் 1939-இலும், அசோக்குமார் 1941-இலும், சிவகவி 1943-இலும் வந்தன.

அந்நாளில் பாகவதர் பெற்ற செல்வாக்கை எம் பாட்டனார் தலைமுறையினர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். தோள்வரை தவழும் தலைமயிரைப் பாகவதர் கிராப்பு என்று பெயரிட்டு இளைஞர் வைத்துக்கொண்டனர். பட்டுச் சட்டை, வைரக் கடுக்கன், அத்தர் மணம் ஆகிய எல்லாம் அவரைப் பார்த்து நாட்டிற் பரவின. பொற்றட்டிலே உண்டார் என்னும் செய்தி இன்றும் வழங்குகின்றது. அவர் பயணம் செய்யும் இரயில் நிற்குமிடமெல்லாம் மக்கள் திரண்டனர்.

பக்திப் படத்தின் இயல்பு

இனி, அப்படங்களின் கதைகளைச் சிறிது நோக்குவோம். சிந்தாமணியிலே, கற்றறிந்த பில்வமங்கன் தாசியொருத்தியின் மையலில் மூழ்கி, பின்பு கண்ணனின் அடியவனாகின்றான். பெரிய புராணம் போற்றும் திருநீலகண்டரோ, தாம் செய்த ஒரு பிழையின்பொருட்டு மனைவியார் இட்ட ஆணைக்குக் கட்டுண்டு, இளமை முழுவதும் அவரைத் தீண்டாமலே வாழ்ந்து முதுமையில் இறையருள் பெறுகின்றார். அசோக்குமாரில், அசோக மன்னரின் மகன் குணாளன் சிற்றன்னை சுமத்திய பொய்ப் பழியால் கண்ணிழந்து அலைகின்றான். சிவகவியாகிய பொய்யாமொழிப் புலவர், சிவனையன்றிப் பிறரைப் பாடேன் என்று மறுத்து நின்று, முருகன் திருவிளையாடலால் தெளிவடைகின்றார்.

கதைகள் வேறுபட்டனவாயினும் அவற்றுள் ஓடும் நூல் ஒன்றே. நல்ல மனிதன் ஒருவன் மயக்கத்தாலோ செருக்காலோ பிறர் சூழ்ச்சியாலோ வீழ்கின்றான், துன்பத்தில் தன்னை உணர்கின்றான், உணர்ந்தவன் பாடுகின்றான், அருள் அவனைத் தேடி வருகின்றது. இஃது எந்தக் குடும்பத்திலும் நிகழக்கூடிய கதை. சூதிலே பொருளிழந்த அண்ணன், பெண்ணாசையால் வீட்டை மறந்த மாமன், பொய் வழக்கில் சிக்கிய தம்பி ஆகியோர் எந்த ஊரில் இல்லை? கொட்டகையில் அமர்ந்திருந்த மக்கள் தம் வீட்டாரையே திரையிற் கண்டனர். வீழ்ந்தவன் மீளுவான் என்னும் நம்பிக்கையோடு வீடு திரும்பினர்.

இவ்வகைப் படத்திலே பாட்டின் பணி யாது என்பதும் நோக்கத்தக்கது. மனிதனின் மனம் மாறுகின்ற அந்தக் கணம் பாட்டிலேதான் நிகழ்கின்றது. பாட்டை நீக்கினால் கதையே நின்றுவிடும். ஆதலின் பாடுவோன் வெறும் இசைவாணனாயிருத்தல் போதாது. துன்பமும் தெளிவும் குரலிலே புலப்படல் வேண்டும். பாபநாசம் சிவன் எளிய தமிழிற் பாட்டெழுதி மெட்டமைத்தார், ஜி. இராமநாதன் இசையமைப்பிற் பங்கு கொண்டார். பாகவதர் அவற்றிற்கு உயிர் தந்தார். இராகத்தின் இலக்கணம் கெடாமலும், சங்கதிகளைப் பெருக்கிச் சொல்லை மூடாமலும் பாடுவது அவர் முறை. சபைகளிலே பிறமொழிக் கீர்த்தனங்கள் மிகுந்து ஒலித்த காலம் அது. தமிழிசைக்கென்று சென்னையில் தமிழிசைச் சங்கம் நிறுவப்பட்டது 1943-இல். அதற்கு முன்னரே, சபையின் வாயிலையும் மிதித்தறியாத உழவனும் தச்சனும் கரகரப்பிரியாவையும் சாருகேசியையும் பெயர் அறியாமலே பாடிக்கொண்டு வயலுக்கும் பட்டறைக்கும் சென்றதற்கு இப்படங்கள் காரணமாயின. தமிழாசிரியராகிய யாம் இதனை நன்றியுடன் நினைக்கின்றோம்.

ஹரிதாஸும் சிறைவாசமும்

1944-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள், தீபாவளித் திருநாளன்று, ஹரிதாஸ் வெளிவந்தது. சுந்தர்ராவ் நட்கர்னி இயக்கிய இப்படத்தில் டி. ஆர். இராஜகுமாரியும், என். எஸ். கிருஷ்ணனும், டி. ஏ. மதுரமும் உடன் நடித்தனர். பெற்றோரைப் புறக்கணித்துத் தாசியின் வலையில் வீழ்ந்த ஒருவன், செல்வமிழந்து, கால்களும் இழந்து, பின்னர்ப் பெற்றோர்க்குத் தொண்டு செய்வதே கடவுள் வழிபாடு எனத் தெளிவதே கதை. சென்னைப் பிராட்வே கொட்டகையில் அப்படம் 1944, 1945, 1946 ஆகிய மூன்று தீபாவளிகளைக் கண்டது. தமிழ்ப் படவுலகம் அதற்கு முன் அத்தகைய வெற்றியைக் கண்டதில்லை.

அப்படம் தொடங்கி ஒரு மாதமும் நிறையுமுன் இடி விழுந்தது. அந்நாளில் இலட்சுமிகாந்தன் என்பார் நடிகர் நடிகையரின் சொந்த வாழ்க்கையைத் தூற்றி எழுதும் பத்திரிகை நடத்தி வந்தார். சினிமா தூது என்னும் அவர் பத்திரிகையின் உரிமத்தை நீக்க வேண்டுமென்று பாகவதரும் கிருஷ்ணனும் படமுதலாளி ஸ்ரீராமுலு நாயுடுவும் கவர்னரிடம் விண்ணப்பம் செய்திருந்தனர். உரிமம் போன பின் இலட்சுமிகாந்தன் இந்து நேசன் என்னும் வேறொரு பத்திரிகையைத் தொடங்கினார். 1944 நவம்பர் 8-ஆம் நாள் வேப்பேரியில் ரிக்ஷாவிற் சென்றுகொண்டிருந்த அவர் கத்தியாற் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். அவ்வழக்கில் டிசம்பர் மாதம் பாகவதரும் கிருஷ்ணனும் நாயுடுவும் கைது செய்யப்பட்டனர். விசாரணையில் நாயுடு விடுதலை பெற்றார். பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் 1945 மே மாதம் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஐக்கோர்ட்டில் செய்த அப்பீலும் அவ்வாண்டிலேயே தள்ளுபடியாயிற்று. இலண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்குச் சென்றது. அங்கிருந்து மறுவிசாரணைக்குத் திருப்பியனுப்பப்பட, 1947 ஏப்ரலில் சென்னை ஐக்கோர்ட்டு இருவரையும் குற்றமற்றவர் என விடுவித்தது.

சிறைவாசம் ஏறத்தாழ இரண்டரை ஆண்டு. அந்தக் காலத்தின் பெரும்பகுதி முழுவதும் பிராட்வே கொட்டகையிலே ஹரிதாஸ் ஓடிக்கொண்டிருந்தது என்பதை நம் அன்பர்கள் ஒரு கணம் நின்று எண்ணிப் பார்ப்பாராக. கொட்டகையில் மக்கள் தம் கண்ணீரால் ஹரிதாஸனின் பிழையை மன்னிக்கின்றனர். அவ்வேடம் பூண்டவரோ கைதியின் எண்ணைத் தாங்கி அதே நகரத்துச் சட்டத்தின்முன் நிற்கின்றார். குணாளனாக நடித்துப் பொய்ப் பழியின் துயரத்தைப் பாடியவர்க்கு அத்துயரமே வாழ்க்கையாய் வந்து வாய்த்தது. ஒரு நடிகரின் கதையும் அவர் நடித்த கதையும் இவ்வளவு நெருங்கி வந்த நிகழ்ச்சி வேறொன்றை யாம் அறியோம்.

விடுதலைக்குப் பின்

கதையில் ஹரிதாஸன் கால்களை மீளப் பெற்றான். பாகவதர் தம் பழைய நிலையை மீளப் பெறவில்லை. அவர் சிறை சென்றதும், அவரை நம்பியிருந்த படங்கள் கைமாறின. உதயணன் வாசவதத்தா என்னும் படத்திலே அவர்க்குரிய வேடத்தைச் சங்கீத வித்துவான் ஜி. என். பாலசுப்பிரமணியம் ஏற்று நடிக்க நேர்ந்தது. விடுதலையான பின் 1948-இல் பாகவதர் தாமே முயன்று இராஜமுக்தி என்னும் படத்தை வெளியிட்டார். புனா நகரத்தில் எடுக்கப்பட்ட அப்படத்துக்கு வசனம் எழுதச் சென்ற புதுமைப்பித்தன், அங்கே நோய் முற்றி, அவ்வாண்டிலேயே காலமானார். படமும் வெற்றி பெறவில்லை. 1952-இல் வந்த அமரகவியும் சியாமளாவும், 1957-இல் வந்த புது வாழ்வும் அவரை மீண்டும் உயர்த்தவில்லை.

இதற்குக் காரணம் யாது? சிறை சென்றவரை மக்கள் வெறுத்துவிட்டனர் என்று சிலர் கூறுவர். அது பொருந்தாது என்பது எம் கருத்து. அதே வழக்கில் அதே தண்டனை பெற்று, அதே நாளில் விடுதலையான என். எஸ். கிருஷ்ணன், மீண்டும் படங்களில் நடித்து மக்கள் அன்பை முன்போலவே பெற்றார். 1949-இல் வந்த நல்லதம்பி அதற்குச் சான்று. ஆகவே மக்கள் மன்னிக்கவில்லை என்பது பிழை. காலம் மாறியது என்பதே உண்மை. நல்லதம்பியும் வேலைக்காரியும் அண்ணாதுரை எழுதியவை. 1952-இல் மு. கருணாநிதியின் வசனத்தோடு பராசக்தி வந்தது. சிவாஜி கணேசன் நாவன்மையால் நாட்டைக் கவர்ந்தார். அதே ஆண்டில் வந்த அமரகவி அதன் முன் நிற்க இயலவில்லை. கடவுளை நோக்கிப் பாடிய படம் போய், சமுதாயத்தை நோக்கிப் பேசும் படம் வந்தது. பின்னணிப் பாட்டு வந்த பின், கதாநாயகனுக்குக் குரல் வேண்டும் என்னும் விதியும் போயிற்று. நகைச்சுவைக்குப் புதிய காலத்திலும் இடமிருந்தது. பக்திப் படத்தின் பாட்டு நாயகனுக்கு இடமில்லை.

இங்கே ஒரு சொல். படம் தோற்பது ஒருவகை. மனிதனைக் கைவிடுவது வேறொருவகை. புதிய படத்தைப் பார்க்கப் போன மக்களைக் குறை கூறல் ஆகாது. சுவை மாறுவது இயற்கை. ஆனால் செல்வம் இருந்த நாளில் அவர் வீட்டு வாயிலை விட்டு அகலாதிருந்தவர்கள், அது குறைந்த நாளில் அவ்வழியே வராதொழிந்தது இயற்கை என்று கூற எம் மனம் ஒருப்படவில்லை. வீழ்ந்தவனுக்கு இரங்கக் கற்பித்த படங்களால் வாழ்ந்தவர்கள், வீழ்ந்தவன் ஒருவன் கண்முன் நின்றபோது அப்பாடத்தை மறந்தனர். இது படவுலகத்துக்கு மட்டும் உரிய குற்றமன்று. வழக்கிலோ கடனிலோ சிக்கிய உறவினன் வீட்டுத் திருமணத்துக்குச் செல்லக் கால் தயங்குவது நம்மிலும் உண்டு.

மறைவு

பாகவதரோ இதனால் மனங்கசந்து பிறரைத் தூற்றினார் என்று கூறுவதற்கில்லை. கச்சேரிகளிலும் கோயில்களிலும் பாடினார். வேடம் போனாலும் வித்தை போகவில்லை. நாடெங்கும் தம்மைக் கொண்டாடிய நாளில் பாடிய அதே சிரத்தையோடு சிறு கூட்டத்தின் முன்னும் பாடினார். நோயுற்று, 1959-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 1-ஆம் நாள் சென்னைப் பொது மருத்துவமனையிலே உயிர் நீத்தார். அப்பொழுது வயது 49. அவர் உடல் திருச்சிராப்பள்ளியில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் கடைசியாக நடித்த சிவகாமி 1960-இல் வெளிவந்தது. அதனோடு சேர்த்து அவர் நடித்தவை 14 படங்களே. ஒரு நடிகர் நூறு படமும் இருநூறு படமும் நடித்த நாட்டிலே, பதினான்கு படங்களைக் கொண்டு இத்துணைப் பெயர் பெற்றது எண்ணத்தக்கது.

நிலைத்தது யாது

அவருடைய பொற்றட்டு இன்று எங்கே என்று கேட்பாரில்லை. நாட்டை மயக்கிய சிந்தாமணியின் படச்சுருளும் இன்று கிடைத்திலது. அக்காலத்துச் சுருள்கள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் என்னும் பொருளாலானவை. வெப்பத்தாலும் கவனிப்பாரின்மையாலும் பல படங்கள் அழிந்தன. ஆயினும் அம்பிகாபதியும் திருநீலகண்டரும் சிவகவியும் ஹரிதாஸும் தப்பிப் பிழைத்தன. அவற்றின் பாட்டுகள் இசைத்தட்டிலிருந்து வானொலிக்கும், வானொலியிலிருந்து ஒலிநாடாவுக்கும், அதிலிருந்து இணையத்துக்கும் ஏறி வந்துள்ளன. பின்னணிப் பாடகர் டி. எம். சௌந்தரராஜன் தம் தொடக்க நாட்களில் பாகவதர் பாணியையே பின்பற்றிப் பாடிப் பெயர் பெற்றார். ஆக, ஒருவர் தொண்டை ஓய்ந்த பின்னும் அக்குரல் வேறொருவர் தொண்டை வழியே நாட்டில் உலவியது.

எம் வகுப்பு மாணவர்க்குத் திருநீலகண்ட நாயனார் வரலாற்றைக் கற்பிக்கும்போது, அப்படத்துப் பாட்டொன்றை இசைக்கச் செய்வதுண்டு. கறுப்பு வெள்ளைப் படம் என்றால் முகம் சுளிக்கும் பிள்ளைகளும் பாட்டுத் தொடங்கிச் சிறிது நேரத்தில் அமைதியாகிவிடுகின்றனர். இராகத்தின் பெயர் அவர்க்குத் தெரியாது. நடித்தவர் யார் என்பதும் தெரியாது. வருந்தும் மனிதன் ஒருவன் மெய்யாகவே வருந்துகின்றான் என்பது மட்டும் தெரிகின்றது. பழைய படவகை ஒன்று காலங்கடந்து நிற்பதற்கு இதனினும் வேறு காரணம் தேட வேண்டுவதில்லை. ஆடை மாறும், வசன நடை மாறும், படமெடுக்கும் கருவி மாறும். பிழை செய்தல், வருந்துதல், மீள விரும்புதல் ஆகிய மூன்றும் மாறா. அம்மூன்றையும் பயின்ற குரலால் பிசகின்றிச் சொன்னவர் நிற்பார்.

நம் இளைஞர் இவ்வரலாற்றினின்று முதற்கண் கொள்ளத்தக்கது, பத்து வயதிற் கைதட்டல் பெற்றும் ஆசிரியரை விடாத அப்பயிற்சி. பெரியோர் கொள்ளத்தக்கது, தாழ்ந்த நாளில் ஒருவரை விட்டு விலகாத பண்பு. நம் உறவிலோ ஊரிலோ ஒருகாலத்தில் பாடியும் ஆடியும் வாழ்ந்து இப்பொழுது தனித்திருக்கும் கலைஞர் எவரேனும் இருப்பின், வரும் திருவிழாவில் அவரை அழைத்து ஒரு பாட்டுப் பாடச் செய்து, தக்க சன்மானம் அளித்து அனுப்புவோமாக.

மற்றொன்றும் வேண்டிக்கொள்கின்றோம். அந்நாளில் கொட்டகை வாயிலில் படத்தின் பாட்டுப் புத்தகம் விற்கப்பட்டது. நம் பாட்டியர் பலர் அதனை வாங்கிப் பூசையறையிலே திருவாசகத்தோடு சேர்த்து வைத்திருந்தனர். வீட்டைப் புதுப்பிக்கும்போதும் பழம்பொருள்களைக் கழிக்கும்போதும் அத்தகைய புத்தகமோ இசைத்தட்டோ அகப்பட்டால், எடைக்குப் போட்டுவிடல் வேண்டா. சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இத்தகைய பழைய அச்சுப் பொருள்களைப் பேணி வருகின்றது. வைத்துக்கொள்ள இயலாதவர் அத்தகைய இடத்தில் சேர்ப்பித்தால், சிந்தாமணிச் சுருளுக்கு நேர்ந்தது எஞ்சியவற்றுக்கு நேராது.